கூந்தல் கதை – 7: கத்தரி எடுக்கும் நேரம்

ஸ்ட்ரெய்ட்னிங் மருந்து முடியை எப்படி நேராக்குகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அப்படி நேரான முடியை மறுபடி சுருட்டையாக்க எண்ணெயோ மூலிகையோ உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி.

கிடையாது. முடியின் கெரட்டின் புரதத்தைக் கட்டி வைத்திருப்பவை கந்தகப் பிணைப்புகள். ரீபாண்டிங் கிரீமில் இருக்கும் தயோகிளைகோலேட் அவற்றை அறுக்கிறது. சூட்டுக் கருவி முடியை நேராக இழுக்கிறது. பிறகு பூசும் ஹைட்ரஜன் பெராக்சைடு அந்த நிலையிலேயே பிணைப்புகளைப் பூட்டிவிடுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறைகளாகப் போட்டுவந்த ரிலாக்ஸர் என்ற நேராக்கும் கிரீமில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். அது பிணைப்பின் அமைப்பையே மாற்றிவிடும். முடி உயிரற்ற பொருள். மாறிய பகுதி தானாகத் திரும்பாது.

ஆனால் வேர் மாறுவதில்லை. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வீதம் வளரும் புது முடி, இயல்பான சுருட்டையோடுதான் வருகிறது. பழைய நேர்முடியும் புதுச் சுருட்டையும் சேரும் இடம் பலவீனமானது. சிக்கெடுக்கும்போது அங்கேதான் ஒடியும். ஆகவே வழி இரண்டு. மாதாமாதம் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஓரிரு ஆண்டு காத்திருக்கலாம். அல்லது நேர்முடி முழுவதையும் ஒரே நாளில் வெட்டிவிடலாம்.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பகுதிகளில் இரண்டாவது வழிக்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும். செவ்வாய், வெள்ளியில் கத்தரி எடுக்கக் கூடாது, கல்யாணத்துக்கு இருக்கிற பெண் முடியைக் குறைக்கலாமா, பின்னலுக்கு என்ன செய்வாய் என்று வீடே பேசும். தெருவில் இறங்கினால் "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்பார்கள். திருப்பதிக்கும் பழனிக்கும் கொடுத்த முடி வளரும் என்று நம்பித்தானே குழந்தைக்கும் மொட்டை போடுகிறோம்? அந்த நம்பிக்கையை வயதுக்கு வந்த பெண்ணுக்கும் கொடுக்கலாம்.

வெட்டும் முறை இதுதான். தலைக்குக் குளித்துச் சிக்கெடுங்கள். முடி ஈரமாக இருக்கும்போது சுருள் எங்கே முடிகிறது, நேர்முடி எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். காகிதமும் துணியும் வெட்டாத, முடிக்கென்றே வைத்த கூரான கத்தரி வேண்டும். சிறு சிறு கற்றையாக எடுத்து, எல்லைக்குச் சற்றுக் கீழேயே வெட்டுங்கள். சுருட்டை காய்ந்ததும் மேலே ஏறிக் குட்டையாகத் தெரியும். முழுதும் காய்ந்த பிறகு மிச்சத்தைச் சரிசெய்யலாம். பின்னந்தலைக்கு அம்மாவோ அக்காவோ கை கொடுக்கட்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், உடம்புக்காகவும்தான். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் ஆய்வு வெளியிட்டது. நேராக்கும் மருந்தே போடாதவர்களில் 1.64 சதவீதம் பேருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரலாம் என்றும், அடிக்கடி போடுபவர்களில் அது 4.05 சதவீதம் என்றும் அது கணித்தது. மருந்துதான் காரணம் என்று இதனால் முடிவாகிவிடவில்லை. ஆனால் எச்சரிக்கை கனமானது. 2024இல் பிரெஞ்சு மருத்துவர்கள் 26 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். கிளையாக்சிலிக் அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட மூன்று முறையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பிரான்சில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் நம் புதுச்சேரியில் ஏராளம். கிரீம் அங்கிருந்து வந்தாலும் இங்கே வாங்கினாலும், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே தலையில் வையுங்கள்.

உடம்பைப் போலவே மதிப்பும் முக்கியம். இயல்பான முடியைக் காரணம் காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019இல் சட்டமே போட்டது. நம் வீட்டில் அதற்குச் சட்டம் தேவையில்லை. சுருட்டை முடியோடு பிறந்த பெண் குழந்தையைப் 'பரட்டை' என்று கூப்பிடுவதை நாம் நிறுத்த வேண்டும். பத்து வயதில் கேட்ட அந்தச் சொல்தான் பல பெண்களைப் பதினெட்டு வயதில் பார்லர் நாற்காலியில் உட்கார வைக்கிறது.

(அடுத்த வாரம்: வெட்டிய பிறகு தலைக்குச் சீயக்காயா, ஷாம்பூவா?)