சித்திரக்கிரீவன் திரும்பிய கூடு

குழந்தைகளுக்கென எழுதப்பட்ட நூலைப் பெரியவர்கள் படிப்பது சற்றே வெட்கத்திற்குரிய செயல் என்றோர் எண்ணம் நம்மவரிடையே உண்டு. அவ்வெட்கத்தைத் துறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து, தன கோபால் முகர்ஜி ஆங்கிலத்தில் இயற்றிய 'கே-நெக்' என்னும் புறாக் கதையைப் படித்து முடித்தேன். 1927இல் வெளியான இந்நூல் மறு ஆண்டே அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. ஆசிரியர் 1890இல் வங்கத்தில் பிறந்து, இளமையிலேயே கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறி, 1936இல் நியூயார்க்கில் மறைந்தவர். அயல்நாட்டில் வாழ்ந்துகொண்டு அயல்மொழியில் தம் ஊர்ப் புறாவைப் பாடினார் என்பதே, ஊர் விட்டு வந்த நம்மை அவரருகே இழுக்கிறது.

புறாவின் பெயர் சித்திரக்கிரீவன். வண்ணக் கழுத்தன் என்று பொருள். வலையோடு பறந்து எலியிடம் சென்ற பஞ்சதந்திரத்துப் புறா அரசனின் பெயரும் இதுவே. முகர்ஜியின் புறாவோ அரசனன்று. கல்கத்தா மொட்டை மாடியில் ஒரு சிறுவன் வளர்த்த பறவை. சில அத்தியாயங்களில் அதுவே தன் கதையைச் சொல்கிறது. அவ்விடங்கள்தாம் நூலின் உயிர்.

இமயத்தில் வல்லூறுகளுக்குத் தப்பிய அப்புறா, முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்று, காயமுற்றும் செய்தியைச் சேர்ப்பிக்கிறது. வீடு வந்ததும் கதை முடிந்துவிடும் என்றே எண்ணினேன். முடியவில்லை. கூடு திரும்பிய புறா பறக்க மறுக்கிறது! சிறகில் குறையில்லை, அச்சம் உள்ளே புகுந்துவிட்டது. உடன் சென்ற வேட்டைக்காரர் கோண்டும் மனம் புண்பட்டே திரும்புகிறார். இருவரையும் மலைமேல் உள்ள லாமாக்களின் மடம் குணப்படுத்துகிறது. அத்தனை விரைவில் அச்சம் அகலுமா என்பது என் ஐயம். உபதேசமும் சற்று நீளம்; அவ்விடத்தில் என் பத்து வயது மகள் உறங்கிவிட்டாள்.

விழித்ததும் அவள் கேட்டதுதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "அப்பா, அந்தப் புறாவைத் திருவண்ணாமலையில் கொண்டுபோய் விட்டால் அங்கேயே இருந்துவிடுமா?"

எனக்கு விடை தெரியவில்லை. நம் ஜீவனஹள்ளியில் அடுத்த தெருவில் பந்தயப் புறா வளர்க்கும் பெரியவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். கம்பு இறைத்துக்கொண்டே அவர் விளக்கினார்: வளர்ந்த பந்தயப் புறாவை விலைக்கு வாங்கித் திறந்துவிட்டால், பழைய கூண்டுக்கே பறந்துவிடக் கூடும். ஆகவே அதை உள்ளேயே வைத்துக் குஞ்சு பொரிக்க விடுவார்கள். அக்குஞ்சுகளை வெளியே பழக்கினால், எங்கு கொண்டுபோய் விட்டாலும் இந்தக் கூண்டைத் தேடியே வரும்.

மகள் சிறிது நேரம் கூண்டையே பார்த்தாள். "அப்படியானால் நான் இங்கே பொரித்த குஞ்சு, நீங்களும் பாட்டியும் வாங்கி வந்த புறாக்கள்" என்றாள்.

பெரியவர் உரக்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கோடையிலும் 'ஊருக்குப் போகிறோம்' என்று நான் மூட்டை கட்டுவதும், போன மூன்றாம் நாளே 'எப்போது ஊருக்குத் திரும்புவோம்?' என்று அவள் கேட்பதும் நினைவுக்கு வந்தன. இதுவரை அவள் சொல் தவறிப் பேசுவதாகவே திருத்தி வந்தேன்.

வீட்டிற்கு வந்து என் தாயாரிடம் கூறினேன். "பறவைக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்த புளியைக் கொட்டையெடுக்க உட்கார்ந்துவிட்டார்.