வாசலில் பூட்டு உண்டு, சாவி "123456"!

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்று ஒரு கிராமம். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த கோவில் அங்கே இருக்கிறது. முகப்பின் இரு பக்கமும் இரண்டு துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். துவாரபாலகர் என்றால் வாயில் காப்போர். அவர்களுக்கு வயது ஏறக்குறைய 1,400!

இந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்கும் வாயில் காப்போர் தேவை. காவல் சரியில்லை என்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

பேசும் ஒலிவியா

அங்கே மெக்டொனால்ட்ஸ் ஓட்டல்களில் வேலை கேட்டு விண்ணப்பிப்பவர்களிடம் உரையாடுவது "ஒலிவியா". அது பெண் அல்ல, கம்ப்யூட்டர் புரோகிராம்! பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் அன்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

2025 ஜூன் மாதம் இயன் கரோல், சாம் கரி என்ற இரண்டு நிபுணர்கள் அதன் பாதுகாப்பைச் சோதித்தார்கள். ஒலிவியாவைத் தயாரித்த கம்பெனியின் ஊழியர்கள் நுழைவதற்குத் தனி வாசல் இருந்தது. பெயர் கேட்ட இடத்தில் "123456" என்று தட்டினார்கள். ரகசியச் சொல் கேட்ட இடத்திலும் அதையே தட்டினார்கள். கதவு திறந்துவிட்டது!

2019-க்குப் பிறகு யாரும் தொடாத பழைய கணக்கு அது. மூட மறந்துவிட்டார்கள்.

அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது

உள்ளே இன்னொரு குறை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. அதில் ஒன்றைக் குறைத்தார்கள். வேறொருவரின் விண்ணப்பம் வந்து நின்றது! "இது உன்னுடையதா?" என்று கம்ப்யூட்டர் கேட்கவே இல்லை. இப்படியே போனால் 6 கோடியே 40 லட்சம் பதிவுகள் வரை பார்க்கலாம் என்ற நிலை.

நல்ல வேளை, வந்தவர்கள் திருடர்கள் அல்ல. சில பதிவுகளை மட்டும் பார்த்துவிட்டுத் தகவல் கொடுத்தார்கள். அன்றே ஓட்டை அடைக்கப்பட்டது.

நம் நாட்டில்

2023 ஜூன் மாதம் இந்தியாவிலும் ஒரு பரபரப்பு. டெலிகிராமில் ஒரு "பேசும் புரோகிராம்" முளைத்தது. போன் நம்பரைக் கொடுத்தால், கொரோனா தடுப்பூசி போட்டவரின் பெயர், அடையாள அட்டை எண் முதலியவற்றைக் காட்டியது. அது அரசின் கோவின் பதிவேட்டிலிருந்து நேராக எடுக்கவில்லை என்று மத்திய அரசு கூறியது. பீகாரில் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இரண்டு கேள்விகள்

"நீ யார்?" என்று வாசலில் கேட்க வேண்டும். "இதைப் பார்க்க உனக்கு உரிமை உண்டா?" என்று ஒவ்வொரு அறையிலும் கேட்க வேண்டும். புரோகிராம் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், இந்த இரண்டையும் கேட்காவிட்டால் அது காவல் அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? 123456, பிறந்த தேதி போன்றவற்றை ரகசியச் சொல்லாக வைக்காதீர்கள். பயன்படுத்தாத கணக்கை மூடிவிடுங்கள். பேசும் புரோகிராம் கேட்கிறதே என்று ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து கேட்டால் சொல்வீர்களா? அப்படித்தான் இதுவும்!