மருந்து அறைக்கு எவ்வளவு ஈரம் ஆகும்?

வீட்டில் வாங்கி வைத்த சரவெடி நமத்துப்போனால் பிள்ளைகளுக்கு ஏமாற்றம், அவ்வளவுதான். பட்டாசு ஆலைக்குள் வெடிமருந்து நமத்தால் உயிருக்கே ஆபத்து.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலும், பின்னால் பட்டாசும் சிவகாசிப் பக்கம் வேர்பிடிக்க இந்த மண்ணின் வறட்சி ஒரு காரணம். ஆனால் சிவகாசியை அடுத்த வெம்பக்கோட்டையிலும் ஐப்பசி வரும், அடைமழை வரும்.

மருந்தில் சேரும் அலுமினியப் பவுடரின் ஒவ்வொரு துகளையும் மெல்லிய ஆக்சைடு தோல் காக்கிறது. ஈரம் அதைத் துளைத்துவிட்டால் உலோகம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனையும் சூட்டையும் கக்கும். கூடவே வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) இருப்பதால் அம்மோனியாவும் பிறக்கும். அம்மோனியா காரம், அது மிச்சத் தோலையும் அரிக்க, வினை இன்னும் வேகமெடுக்கும். தட்டில் பரப்பிய மருந்தென்றால் சூடு காற்றோடு போய்விடும். குவியலென்றால் நடுவிலேயே தேங்கி, யாரும் தொடாமலே பற்றிக்கொள்ளும். மருந்துக் குவியலில் மூத்திர நெடி அடித்தால் அந்த இடத்தில் நிற்கக்கூடாது. சிட்டிகை போரிக் அமிலம் சேர்ப்பது இந்தக் காரத்தை அடக்கத்தான்.

ஈரம் மழையாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. 26 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், 23 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். வானம் வெளுத்த இரவில் தகரக் கூரை சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பு போல அதன் அடிப்பக்கம் வியர்த்து, கீழே உள்ள பெட்டிகளில் சொட்டும். கரிசல் தரையும் ஈரத்தை விடாது. சரக்கைக் கட்டைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குவது அதனால்தான்.

அதற்காக அறையை ஒரேயடியாக உலர்த்திவிட்டால் இன்னொரு வம்பு. காற்று வறண்டால் நிலைமின்சாரம் கசிய வழியின்றித் தேங்கும். நைலான் சேலையின் உரசலில் பிறக்கும் பொறியே போதும். பருத்தி உடையும் தரையிணைப்பும் அதற்கான காப்பு.

நல்லவேளை, இடையில் இடமிருக்கிறது. ஈரப்பதம் 60 சதவீதத்தை எட்டினால் மின்னூட்டம் பெரும்பாலும் கசிந்துவிடும். தூய வெடியுப்போ 90 சதவீதம் வரை காற்றிலிருந்து நீரை இழுக்காது. சோடியம் நைட்ரேட் 74 சதவீதத்திலேயே இழுத்துக் கசியத் தொடங்கும். மலிவாகக் கிடைத்தும் பட்டாசுக்கு அது தோதுப்படாததற்கு இதுவே காரணம்.

சில நூறு ரூபாய் ஈரமானி ஒன்று மணல்வாளிக்குச் சமமாக எல்லா அறையிலும் தொங்க வேண்டும் என்பேன். வாசலில் மாட்டினால் அது வெளிக்காற்றைத்தான் காட்டும். உட்சுவரில், சரக்கு அடுக்கும் உயரத்தில் மாட்ட வேண்டும்.