மூன்றாண்டுத் திட்டம்

தம்பி! தில்லியிலே திட்டக் குழு என்று ஒன்று இருந்தது. 1951இல் தொடங்கி, ஐந்தாண்டுக்கு ஒன்று என்று திட்டம் தீட்டினார்கள். அணை என்றார்கள், ஆலை என்றார்கள், இத்தனை இலட்சம் டன் இரும்பு என்று இலக்கு வைத்தார்கள். பன்னிரண்டு திட்டங்கள் போட்டார்கள். 2015இல் அந்தக் குழுவை மூடி, வேறு பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. அது அவர்கள் பாடு. நான் கேட்பது வேறு. ஒரு நாடு தன் ஐந்தாண்டுக்குத் திட்டம் தீட்டிற்று. பொதட்டூர்ப்பேட்டையிலே தறி ஓட்டும் தந்தை, பாவும் ஊடையுமாகத் தன் வாழ்நாளை நெய்து உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறாரே, அந்த மூன்றாண்டுக்குத் திட்டம் தீட்டியவர் யார்?

திருத்தணியிலே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. முருகன் பெயரைத் தாங்கிய கல்லூரி. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளைக் கண்டு, "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால், வணிகவியல் படிக்கிறவன் நிமிர்ந்து சொல்கிறான், கணினி படிக்கிறவள் சிரித்துச் சொல்கிறாள், வரலாறு படிக்கிறவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, "ஹிஸ்டரிதான் கெடச்சுது" என்கிறான். கிடைத்ததாம்! பந்தியிலே பாயசம் தீர்ந்துபோய், மோர் கிடைத்ததைப் போல!

வாய்ப்பாகக் கிடைத்ததை வாழ்வாக்கிக்கொண்டவர் அதே திருத்தணியிலே பிறந்திருக்கிறார். 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தத்துவப் பேராசிரியர், குடியரசுத் தலைவர் என்றெல்லாம் உலகம் போற்றிய அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலே தத்துவத்தை எடுத்தது எப்படித் தெரியுமா? உறவினர் ஒருவர் அதே கல்லூரியிலே படித்து முடித்து, தம்முடைய தத்துவப் பாடநூல்களைக் கொடுத்தார். புத்தகம் வாங்கும் செலவு மிச்சம் என்று பாடம் முடிவாயிற்று. பழைய புத்தகம் பாதையைக் காட்டிற்று. ஆனால், பாதையிலே நடந்தது அவருடைய கால்கள். அதே இராதாகிருஷ்ணன் 1948இல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்று, பட்டப்படிப்புக்கு மூன்றாண்டு வேண்டும் என்று 1949இல் பரிந்துரைத்தார். ஆக, நீ அமர்ந்திருக்கும் மூன்றாண்டுக்கும் உன் ஊர்க்காரர் ஒருவருக்கும் தொடர்பு இருக்கிறது. அவருடைய கருத்துகள் பலவற்றோடு நமக்கு ஒட்டுறவு இல்லை. இருந்தாலும் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

மூன்றாண்டு, ஆறு பருவம். தமிழ் உண்டு, ஆங்கிலம் உண்டு, முதன்மைப் பாடம் உண்டு, அலைடு என்று நீங்கள் சொல்லும் துணைப்பாடம் உண்டு, விருப்பப் பாடம் உண்டு. பல்கலைக்கழகம் விதித்ததை மாற்ற உன்னால் ஆகாது. ஆனால் கவனித்துப் பார், தம்பி: நூற்றுக்கு 75 பல்கலைத் தேர்வுக்கு, 25 உள்மதிப்பெண். அந்த இருபத்தைந்துக்குள்ளேதான் ஒப்படைப்பு, கட்டுரை, கருத்தரங்கு எல்லாம் அடங்குகின்றன. பருவத்துக்குப் பருவம், பாடத்துக்குப் பாடம், ஒப்படைப்பு எழுதுகிறாயே—எதை எழுதுகிறாய்? "அக்பரின் ஆட்சிச் சிறப்பு" என்று முன்னே படித்தவன் எழுதியதைப் பார்த்து நீ எழுதுகிறாய். உன்னைப் பார்த்து நாளை வருகிறவன் எழுதுவான். அக்பர் என்ன பாவம் செய்தார்? ஆறு பருவத்து ஒப்படைப்புகளையும் ஒரே நூலில் கோத்துப் பார். ஒவ்வொன்றும் உன் வட்டாரத்தைத் தொடட்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் அவற்றைச் சேர்த்துக் கட்டினால், அது ஒரு நூல்.

"திருத்தணியிலே என்ன இருக்கிறது? 365 படி இருக்கிறது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வருகிறது" என்பாய்.

என்ன இருக்கிறதா? மலையேறிப் பார்த்த கண் மலையடிவாரத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் குறை! அதே ஊரில் வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு கற்றளி நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே, பல்லவன் அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. அங்கே கல்லிலே ஒரு வெண்பா வெட்டியிருக்கிறது. அதைப் பாடியவன் அரசனே என்று அந்தக் கல்லே கூறுகிறது. பல்லவர் என்றால் வடமொழி, வடமொழி என்றால் பல்லவர் என்று ஒரு பாடம் படித்திருப்பாய் அல்லவா? காஞ்சிப் பல்லவரின் கடைசி மன்னனுடைய பெயரால் தமிழ் வெண்பா நிற்கிறது, நீ டீ குடிக்கப் போகும் தெருவுக்கு அருகிலே!

பக்கத்து ஊர் வேலஞ்சேரி. 1977இல் அங்கே செப்பேடுகள் கிடைத்தன. அபராஜிதனுடையது ஒன்று, சோழன் முதற் பராந்தகனுடையது ஒன்று. வென்றவன் குலத்து ஏடும், வீழ்ந்தவன் ஏடும் ஒரே ஊரில்! தமிழ்நாடு தொல்லியல் துறை 1979இல் இவற்றை நூலாகவே வெளியிட்டது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் திருவாலங்காடு. இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடு அந்த ஊரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பராந்தகனின் தந்தை ஆதித்தன் அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைக் கைக்கொண்டதை அந்தச் செப்பேடு பேசுகிறது. பல்லவர் கதையின் முடிவும் சோழர் கதையின் எழுச்சியும் உன் பஸ் பாஸ் செல்லும் தொலைவுக்குள் அடங்கிவிட்டன. இதற்கு மேலும் தஞ்சைக்குப் போனால்தான் சோழர் வரலாறு வரும் என்று காத்திருப்பாயா?

தக்கோலத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. அரக்கோணத்தை அடுத்த ஊர். 949இல் அங்கே நடந்த போரில், இராட்டிரகூடன் மூன்றாம் கிருட்டிணனின் படை சோழரை முறியடித்தது. சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தவாறே மாண்டான். சோழர் தரப்பு அவனை 'ஆனைமேல் துஞ்சினவர்' என்று போற்றிற்று. தோற்ற போருக்குச் சூட்டிய மாலை! எதிர்த்தரப்புச் செய்தி எங்கே கிடைக்கிறது தெரியுமா? கருநாடகத்தில், மண்டியா மாவட்டத்து ஆதகூரில், ஒரு வேட்டை நாய்க்கு எடுத்த நினைவுக் கல்லிலே! காட்டுப் பன்றியோடு பொருது மாண்ட நாய்க்காக நட்ட கல்லில், கங்கன் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றதும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பேரரசை உலுக்கிய போரின் சான்று ஒரு நாயின் நடுகல்லில்! வரலாற்று ஆய்வு முறை என்று ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். முதன்மைச் சான்று, துணைச் சான்று என்று வரையறையை உருப்போடச் சொல்கிறார்கள். தக்கோலத்தையும் ஆதகூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு பக்கம் எழுதினால், அந்தத் தாள் உனக்கு மனப்பாடமே தேவைப்படாது.

சோழர், பல்லவர் என்றே போய்விட்டேன். கற்காலம் வேண்டுமா? அதுவும் உன் மாவட்டத்தில் இருக்கிறது. 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் அதிரம்பாக்கத்தில் கற்கோடரிகளைக் கண்டார். அங்கே மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்து, பதினைந்து இலட்சம் ஆண்டுத் தொன்மை என்று 2011இல் ஆய்விதழில் எழுதினார்கள். பூண்டியிலே அகழ்வைப்பகம் இருக்கிறது. முதற் பருவத்துக்கு வேறென்ன வேண்டும்?

இனி, உன் ஊரின் அண்மைக் கதை. இதைத்தான் நீ முக்கியமாக எழுதவேண்டும் என்பேன்.

திருத்தணி நகரவில்லை, தம்பி. அந்த மலை நின்ற இடத்திலே நிற்கிறது. ஆனால் அதன் கோப்பு நகர்ந்துகொண்டே இருந்தது. கார்வேட்டிநகர் ஜமீனுக்குள் இருந்த ஊர்; வட ஆர்க்காடு மாவட்டத்தில் வைத்தார்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் புதிதாகப் பிறந்தது, அதிலே சேர்த்தார்கள். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திரத்துக்குப் போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தை நீ கேள்விப்பட்டிருப்பாய். உங்கள் ஊரில் முதியவர்கள் இன்னும் சிலர் சொல்லக்கூடும். படாஸ்கர் வந்தார், ஆராய்ந்தார், தீர்ப்பு சொன்னார். 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் வைத்தார்கள். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் ஆயிற்று. அந்தப் பரிமாற்றத்தில் செங்கற்பட்டிலும் சேலத்திலும் இருந்த சில ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின என்பதையும் எழுது. நமக்கு வந்ததை மட்டும் எழுதி, நம்மிடமிருந்து போனதை விட்டுவிட்டால், அதற்குப் பெயர் வரலாறு அல்ல, மேடைப் பேச்சு. மேடையில் பேசுகிறவன் நானே சொல்கிறேன்!

இந்த இடத்தில் ஒரு பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். எல்லைக்காகப் போராடிய மண்ணிலே நின்றுகொண்டு, உன்னைத் தெலுங்கு எழுத்துப் படிக்கச் சொல்கிறேன். ஆம், படி! பள்ளிப்பட்டுப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். உன் வீடே அப்படி இருக்கலாம். வாயிலே இருக்கும் மொழிக்கு எழுத்தைக் கற்க ஒரு கோடை விடுமுறை போதும். சித்தூரில் கிடந்த காலத்துக் கதையை எழுத, எல்லைக்கு அந்தப் பக்கத்து மனிதர் எழுதியதையும் படித்துத்தானே ஆகவேண்டும்? ஒரு பக்கத்தை மட்டும் படித்தவன் வழக்கறிஞன் ஆகலாம். நீ ஆக வேண்டியது வேறு. சென்னையிலே அறைக்குள் அமர்ந்து ஆய்வு செய்யும் அறிஞருக்கு இல்லாத வசதி, இரு மொழியும் அறிந்த எல்லையூர்ப் பிள்ளையாகிய உனக்கு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வெட்கப்படுகிறாயே!

இதெல்லாம் எதற்கு என்கிறாயா? 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, இளங்கலை வரலாற்றுக்கென்று ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. முதல் தாளின் பெயரே, 'பாரதம் என்னும் எண்ணம்'. வேதம், உபநிடதம், புராணம் என்று அந்தத் தாள் தொடங்குகிறது. வரலாற்றாசிரியர் பலர் அதைக் கண்டித்து எழுதினார்கள். கண்டிக்கத்தானே வேண்டும்? வரலாறு எண்ணத்திலிருந்து தொடங்குவது இல்லை. கல்லிலிருந்தும் செம்பிலிருந்தும் பானை ஓட்டிலிருந்தும் தொடங்குவது. எண்ணத்தை முதலில் வைத்து, அதற்கு ஏற்ற சான்றைப் பிறகு தேடுகிறவர் யாராக இருந்தாலும், நம்மவராகவே இருந்தாலும், உன் கை அவர் தாளில் திருத்தக் கோடு போடவேண்டும். கீழடியில் கிடைத்த மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, காலம் கணித்து வாங்கி, அதன்பிறகுதான் 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று அறிக்கை வெளியிட்டது. வழி அது.

தமிழ் வழியில் படிக்கிறவனுக்கு நூல் இல்லை என்ற குறை பழங்குறை. கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழிப் பட்டப்படிப்பு தொடங்கியது 1960இல். உன் வட்டம் சென்னையோடு சேர்ந்த அதே ஆண்டு! நீலகண்ட சாஸ்திரியார் சோழர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். இரண்டையும் ஒரே பருவத்தில், அத்தியாயத்துக்கு அத்தியாயம் எதிரெதிரே வைத்துப் படி. தமிழ் நூல் பொருளைத் தரும். ஆங்கில நூல் பொருளோடு ஆங்கிலத்தையும் தரும். தனியே ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்குக் கட்டும் பணம் மிச்சம். பிறகு கராசிமா, சுப்பராயலு என்று மேலே போகலாம். அதற்கு ஐந்தாம் பருவம் வரை பொறுக்கலாம், குற்றமில்லை.

நான் பள்ளியோடு படிப்பை முடித்துக்கொண்டவன். கல்லூரிப் படியை மிதித்தது எல்லாம் மன்றத்திலே பேசத்தான். ஆகவே தேர்வுக்குக் குறுக்குவழி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லவும் மாட்டேன். வேலை என்னாகும் என்று உன் தாய் கேட்பாள்; அது நியாயமான கேள்வி. அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும் கேட்கப்படுகின்றன, பி.எட். முடித்தால் பள்ளி இருக்கிறது. முதுகலை முடித்தால் தொல்லியல் துறை நடத்தும் கல்வெட்டு, தொல்லியல் பட்டயப் படிப்பு இருக்கிறது. கடைசியாகச் சொன்னதற்குப் போகிறவன், தமிழி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் எழுத்துகளையாவது முதல் ஆண்டிலேயே எழுதிப் பழகிவிடவேண்டும். ஒரு நாளைக்கு நான்கு எழுத்து. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் முடிகிற வேலை.

இரண்டாம் ஆண்டுக் கோடையை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே. திருத்தணியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் போகிறது. எழும்பூரில், 1909இல் கட்டிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. கும்பினிக் காலத்து 1670ஆம் ஆண்டுகள் தொட்டு ஏடுகள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. திருத்தணி என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதே. ஊர் அந்தந்தக் காலத்தில் எந்த மாவட்டத்தில் இருந்ததோ, அந்த மாவட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேள். 1911க்கு முன் வட ஆர்க்காடு. அதன்பின் 1953 வரை சித்தூர். 1960க்குப் பின் செங்கற்பட்டு. 1881இல் காக்ஸ் எழுதிய வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேட்டை முதலில் படித்துவிட்டுப் போனால், கேட்கவேண்டியது என்ன என்பது தெரியும். ரயில் நெரிசலில் இடம் பிடிக்க நினைத்தால், காலையில் சீக்கிரம் கிளம்பவேண்டும். துறைத் தலைவரிடமிருந்து அறிமுகக் கடிதம் ஒன்று வாங்கிக்கொள். விடுமுறை விட்டபின் கையெழுத்துக்கு ஆள் கிடைக்கமாட்டார், ஏப்ரல் மாதத்திலேயே வாங்கி வை.