ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு

2019 செப்டம்பர் 11. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏடல் என்ற சிறிய ஊர். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அங்கிருக்கும் டாலஸ் கவுன்டி நீதிமன்றக் கட்டடத்தில் அலாரம் அலறியது. போலீஸ் போய்ப் பார்த்தால் உள்ளே இரண்டு பேர் நிற்கிறார்கள், பூட்டைத் திறக்கும் கருவிகளோடு. இருவரும் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். கோல்ஃபயர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் அவர்கள். நீதிமன்றக் கட்டடங்களுக்குள் அந்நியர் நுழைய முடிகிறதா என்று சோதித்துப் பார்க்க, மாநில நீதித்துறையே அந்த நிறுவனத்துக்கு வேலை கொடுத்திருந்தது. கடிதத்தில் இருந்த எண்களுக்குப் போலீஸ் பேசியது. சொன்னது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் பிறகு வந்து சேர்ந்த கவுன்டி காவல் தலைவரான ஷெரிஃப் ஏற்கவில்லை. கட்டடம் கவுன்டிக்குச் சொந்தம், அதற்குள் நுழைய மாநிலம் எப்படி அனுமதி தரலாம் என்று கேட்டார். இருவரும் திருட்டுக் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார்கள். மாநிலத் தலைமை நீதிபதி மார்க் கேடி மாநில செனட் குழுவின் முன் வருத்தம் தெரிவித்தார். வழக்கு முழுவதும் கைவிடப்பட்டது 2020 ஜனவரியில்தான்.

தகவல் பாதுகாப்புச் சோதனை என்ற தொழில் எவ்வளவு நுட்பமான எல்லைக்கோட்டில் நடக்கிறது என்பதை அந்த இரவு காட்டியது. திருடன் செய்யும் அதே வேலையைத்தான் சோதனையாளரும் செய்கிறார். எழுதி வாங்கிய அனுமதியும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று வரையறுத்த 'ஸ்கோப்' ஆவணமும்தான் இருவரையும் பிரிக்கின்றன.

இந்தத் துறையில் மூன்று வேலைகளை மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது வல்னரபிலிட்டி ஸ்கேன். நிறுவனத்தின் சர்வர்களையும் மென்பொருள்களையும் ஒரு கருவி துழாவி, ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்த ஓட்டைகள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று பட்டியல் தரும். இரண்டாவது ஊடுருவல் சோதனை, 'பென்டெஸ்ட்' என்பார்கள். அந்த ஓட்டைகளின் வழியே ஒருவரால் உண்மையில் எவ்வளவு தூரம் உள்ளே போக முடியும் என்று மனிதர்களே முயன்று பார்ப்பது. மூன்றாவது தணிக்கை. ஐஎஸ்ஓ 27001, அட்டைப் பணப்பரிமாற்றத்துக்கான பிசிஐ டிஎஸ்எஸ் போன்ற தர விதிகளின்படி நிறுவனம் நடக்கிறதா என்று ஆவணங்களையும் சான்றுகளையும் வைத்துச் சரிபார்ப்பது. மூன்றும் தேவை. ஆனால் மூன்றுமே கடைசியில் கையில் தருவது ஓர் அறிக்கையைத்தான். அந்த அறிக்கைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் நிறுவனங்கள் பிழைப்பதும் வீழ்வதும் இருக்கிறது.

எக்விஃபாக்ஸ் கதையை இதற்காகவே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் கடன் கேட்டால் சிபில் ஸ்கோர் பார்ப்பார்கள். அமெரிக்காவில் அப்படி மக்களின் கடன் வரலாற்றைத் திரட்டி வைத்திருக்கும் மூன்று பெரிய நிறுவனங்களில் ஒன்று, அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட எக்விஃபாக்ஸ். 2015-இல் அது தனக்குள்ளேயே ஒரு தணிக்கை நடத்தியது. காலக்கெடு தாண்டியும் சரிசெய்யப்படாத 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகள் நிலுவையில் இருப்பதாக அந்தத் தணிக்கை சொன்னது. ஓட்டையை அடைக்கும் 'பேட்ச்' போட வேண்டியவர்கள் போட்டுவிடுவார்கள் என்று நம்பி விட்டுவிடும் வழக்கம் அங்கே இருந்ததையும் சுட்டிக்காட்டியது. தணிக்கையாளர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தார்கள். சொன்னவை சரிசெய்யப்பட்டனவா என்று பார்க்க ஒரு தொடர் தணிக்கை மட்டும் நடக்கவேயில்லை.

2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் மோசமான ஓட்டை ஒன்று வெளியே தெரிந்தது. அதை அடைக்கும் பேட்ச்சும் வந்தது. மறுநாளே அமெரிக்க அரசின் எச்சரிக்கை வந்தது. மார்ச் 9 அன்று எக்விஃபாக்ஸின் பாதுகாப்புக் குழு 400-க்கும் மேற்பட்டோருக்கு மின்னஞ்சல் அனுப்பியது: 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடுங்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் பழைய தளம் ஒன்று ஸ்ட்ரட்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை அறிந்திருந்த டெவலப்பரின் பெயர் அந்த மின்னஞ்சல் பட்டியலில் இல்லை. பிறகு ஸ்கேனும் செய்தார்கள். ஆனால் கருவி மேல் அடுக்கை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் உட்கோப்புறை ஒன்றில் இருந்தது. 'பிரச்சினை எதுவும் இல்லை' என்று முடிவு வந்தது.

ஸ்கேன் முடிவைக் கையில் வாங்கும் ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. எதுவும் கிடைக்கவில்லை என்பதும் எதுவும் இல்லை என்பதும் வேறு வேறு. தன்னிடம் என்னென்ன மென்பொருள், எந்தெந்தச் சர்வரில், யார் பொறுப்பில் ஓடுகின்றன என்ற முழுப் பட்டியல் இல்லாத நிறுவனத்துக்கு, உலகின் மிகச் சிறந்த ஸ்கேனரும் பாதிக் கண்ணோடுதான் பார்க்கும்.

மே 13 அன்று ஊடுருவியவர்கள் அந்தத் தளத்தின் வழியே உள்ளே வந்தார்கள். பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் மறையாக்கம் செய்யாமல் கிடந்த ஒரு கோப்பு அவர்கள் கையில் சிக்கியது. அதை வைத்துக்கொண்டு, அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குப் போனார்கள். சுமார் 9,000 முறை தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். 76 நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. வெளியே போகும் தரவைக் கண்காணிக்க வேண்டிய கருவியின் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி 19 மாதம் ஆகியிருந்ததால், அது குருடாகக் கிடந்தது. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்ததும் சந்தேகத்துக்குரிய தரவுப் போக்குவரத்து உடனே கண்ணில் பட்டது. பறிபோனது சுமார் 14.8 கோடி பேரின் விவரம். பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம். கடன் அட்டையை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது. இந்தத் தாக்குதல் முழுக்கத் தடுத்திருக்கக்கூடியது என்று 2018 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் அறிக்கை முடிவுகட்டியது.

2019-இல் அரசு அமைப்புகளோடு செய்துகொண்ட உடன்பாட்டில் குறைந்தது 57.5 கோடி டாலர் தர எக்விஃபாக்ஸ் ஒப்புக்கொண்டது. பணத்தைவிட அந்த உடன்பாட்டின் நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியார் மதிப்பீடு நடக்க வேண்டும். மதிப்பீட்டாளர் தன் முடிவுக்கு என்ன ஆதாரம் என்று எழுத வேண்டும். ஊழியர்களை நேரில் விசாரித்து, ஆவணங்களைப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். நிறுவனத்தின் இயக்குநர் குழுவோ அதன் துணைக்குழுவோ ஆண்டுதோறும் உறுதிச்சான்று தர வேண்டும். ஐடி துறையின் தலைவலி என்று ஒதுக்கிவிட வழியில்லாமல், பொறுப்பு மேல்மாடிக்கு ஏற்றப்பட்டது.

தரச்சான்று வாங்கிவிட்டால் நிம்மதி என்று நினைப்பவர்களுக்கு டார்கெட் என்ற அமெரிக்கக் கடைத் தொடரின் அனுபவம் போதும். 2013 செப்டம்பரில் அது பிசிஐ டிஎஸ்எஸ் தரச்சான்று பெற்றது. நவம்பர் இறுதியிலிருந்து 4 கோடி வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் நுழைந்தது, கடைகளின் குளிர்சாதன வேலை பார்க்கும் ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல் வழியாக. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு எச்சரிக்கையைப் பார்த்து மினியாபொலிஸ் தலைமையகத்துக்குத் தெரிவித்தும் உரிய நேரத்தில் நடவடிக்கை இல்லை என்று புளூம்பெர்க் பிசினஸ்வீக் 2014-இல் எழுதியது. இங்கும் கண்டுபிடிப்பு நடந்திருந்தது. எடுத்துச் செய்ய ஆள் இல்லை.

இந்தியாவில் விதிகள் இறுகிவருகின்றன. இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தனிநபர் தரவைப் பறிகொடுத்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 6 மணி நேரக் கடிகாரம் ஓடத் தொடங்குவது, தாக்குதலைக் கவனித்த பிறகுதான். கவனிக்கவே 76 நாட்கள் ஆகும் நிறுவனத்துக்கு அந்த விதி பெரிய உதவி செய்யாது.

சோதனைக்கு ஆள் அமர்த்தும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் பெரும்பாலும் விலையை மட்டும் பேசுகின்றன. விலைக்கு முன்னால் பேச வேண்டியவை வேறு. கருவி கக்கிய பட்டியலை அப்படியே தருவார்களா, மனிதர் யாராவது முயன்று பார்ப்பார்களா? ஒப்பந்தக்காரர்களுக்குத் திறந்துவிட்ட வழிகள் ஸ்கோப்பில் உண்டா? சோதிக்கப்படும் சர்வரும் கட்டடமும் யாருக்குச் சொந்தம், அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்றா? அறிக்கையில் வரும் ஒவ்வொரு ஓட்டைக்கும் நேராக ஓர் ஆளின் பெயரும் தேதியும் எழுதப்படுமா? அடைத்துவிட்டோம் என்று அந்த ஆள் சொன்ன பிறகு, சோதனையாளர் திரும்பி வந்து அதே ஓட்டையை மறுபடி உடைக்க முயல்வாரா? 'ரீடெஸ்ட்' எனப்படும் இந்த மறுசோதனைக்கான கட்டணத்தையும் நாளையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். அறிக்கை வந்த பிறகு கேட்டால், அதற்குப் பட்ஜெட் இல்லை என்ற பதில்தான் வரும்.