மறுகட்டமைப்பு அணியும் நட்சத்திர வீரரும்

தொடர்ந்து தோற்றுவரும் ஓர் அணி பழைய வீரர்களை விடுவித்து, இளையவர்களைச் சேர்த்துப் புதிதாக உருவாகும் காலம் மறுகட்டமைப்புக் காலம் எனப்படுகிறது. இந்தக் காலத்தில் பெரிய விலை கொடுத்து ஒரு நட்சத்திர வீரரைக் கொண்டுவரலாமா என்பது பழைய கேள்வி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இது பெரும்பாலும் வீரர் பரிமாற்றமாகவும், இந்தியாவின் புரோ கபடி லீக்கில் ஏலமாகவும் வருகிறது. பரிமாற்றத்தில் கையிலிருக்கும் இளம் வீரர்களைக் கொடுக்க வேண்டும். ஏலத்தில், மற்ற வீரர்களுக்குச் செலவிட வேண்டிய பணம் போய்விடும்.

ஐஸ் ஹாக்கியில் அடிக்கடி சொல்லப்படும் எடுத்துக்காட்டு எரிக் லின்ட்ராஸ். பல ஆண்டுகள் பிளேஆஃப் சுற்றுக்கே போகாத பிலடெல்பியா ஃபிளையர்ஸ், 1992-இல் அவரைப் பெற கியூபெக் அணிக்கு ஆறு வீரர்களையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் 1.5 கோடி டாலரையும் கொடுத்தது. லின்ட்ராஸ் ஏமாற்றவில்லை. 1995-இல் லீக்கின் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 1997-இல் அணி இறுதிப்போட்டி வரை சென்று தோற்றது. ஆனால் கியூபெக் அணி கொலராடோவுக்கு இடம் மாறிய முதல் பருவத்திலேயே, 1996-இல், கோப்பையை வென்றது. பரிமாற்றத்தில் கிடைத்த இளைஞர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் அந்த அணியின் முக்கிய வீரர்களில் ஒருவர்.

தமிழ் தலைவாஸ், 2022

2017-இல் லீக்கில் சேர்ந்த தமிழ் தலைவாஸ் முதல் நான்கு பருவங்களிலும் பட்டியலின் அடியில்தான் இருந்தது. ஒன்பதாம் பருவத்துக்கான ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதுவரை லீக்கில் எவருக்கும் தரப்படாத விலை அது. அணியின் மொத்தச் செலவு வரம்பே 4.4 கோடிதான், அதாவது பாதிக்கு மேல் ஒருவருக்கே போனது. பெங்களூரு புல்ஸ் அணிக்காக மூன்று பருவங்களில் தொடர்ந்து அதிக ரெய்டு புள்ளிகள் எடுத்தவர் என்பதால் அந்த விலை அன்று பிழையாகத் தெரியவில்லை.

2022 அக்டோபர் 8 அன்று, ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கில், குஜராத் ஜயன்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம் நடந்தது. முதல் பாதியிலேயே எதிரணி வீரரைப் பிடிக்க முயன்றபோது பவனின் முழங்காலில் அடிபட்டது. அந்தப் பருவத்தில் அவர் மீண்டும் களமிறங்கவில்லை. ஆட்டம் 31-31 எனச் சமனில் முடிந்தது.

அதன்பின் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. அறிமுகப் பருவத்தில் ஆடிய நரேந்தர் 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். சாகர் ராத்தி, சாகில் குலியா, எம். அபிஷேக் ஆகியோரின் பிடி அணியைத் தாங்கியது. பருவத்தின் நடுவே அஷான் குமார் பயிற்சியாளரானார். அணி முதன்முறையாகப் பிளேஆஃப் சென்று, யு.பி. யோதாஸை டைபிரேக்கரில் வென்று, அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.

நட்சத்திரம் இல்லாததால்தான் வென்றார்கள் என்று இதை வாசிப்பது தவறு. ஏறக்குறைய அதே இளைஞர்களுடன் ஆடிய அடுத்த பருவத்தில் தலைவாஸ் ஒன்பதாம் இடத்துக்கு இறங்கியது. பவன் இருந்திருந்தால் அந்த இரண்டு புள்ளிகள் கிடைத்திருக்கலாம். ஆனால், அடித்தளம் ஏற்கெனவே இருந்ததால்தான் அவரது இழப்பை அணி தாங்கியது என்பது மட்டும் தெளிவு.

கபடியின் தனித்தன்மை

ஹாக்கியை விட கபடியில் ஒரு வீரரின் பங்கு மிகப் பெரிது. ஐஸ் ஹாக்கியில் முன்னணி ஆட்டக்காரர்கூட 60 நிமிடங்களில் சுமார் 20 நிமிடமே களத்தில் இருப்பார். கபடியில் நல்ல ரெய்டர் திரும்பத் திரும்பப் பாடிச் செல்லலாம். ஆனால் பிடிபட்டால் வெளியே உட்கார வேண்டும். தன் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றும்போதுதான் வெளியே இருப்பவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வர முடியும். மற்றவர்கள் பலவீனமாக இருந்தால், கோடிகள் கொடுத்து வாங்கிய வீரர் கோட்டுக்கு வெளியே காத்திருப்பார்.

தெலுங்கு டைட்டன்ஸ் இதை அனுபவித்தது. தலைவாஸ் விடுவித்த பவனை 2023 ஏலத்தில் 2.605 கோடிக்கு வாங்கியது. அப்போது வரம்பு 5 கோடி. பவன் 200-க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் எடுத்தார், ஆனால் 22 ஆட்டங்களில் அணி வென்றது இரண்டு மட்டுமே, கடைசி இடம். அடுத்த பருவத்தில் அவரை 1.725 கோடிக்குத் திரும்ப எடுத்தது. மற்ற வீரர்களுக்குச் செலவிட அதிகப் பணம் மிஞ்சிய அந்தப் பருவத்தில் டைட்டன்ஸ் 12 ஆட்டங்களில் வென்றது.