துருவினால்தான் நஞ்சு போகும்

நைஜீரியாவில் பல வீடுகளில் சாப்பாடு என்றால் இரண்டு பாத்திரங்கள். ஒன்றில் எபா, அதாவது மரவள்ளிக்கிழங்குக் களி. இன்னொன்றில் எகுசி சூப். பெயர்தான் சூப், கெட்டியான கூட்டுப் பதத்தில் இருக்கும். களியைக் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழித்து, சூப்பை அள்ளி வாயில் போட்டு, மெல்லாமல் விழுங்குவார்கள். இந்த இரண்டு பாத்திரங்களுக்குள் நடக்கும் வேதியியலை நினைக்க நினைக்க எனக்கு மலைப்பு அடங்குவதில்லை. எபாவுக்கு மூலப்பொருளான கிழங்கு சயனைடு தரக்கூடியது.

பச்சைக் கிழங்கில் சயனைடு தனியாக இருப்பதில்லை. லினமரின் என்ற சேர்மத்தில், ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து, செல்லின் நுண்குமிழுக்குள் அடைந்து கிடக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் என்ற நொதி செல் சுவரில் இருக்கிறது. இரண்டும் சந்திக்காதவரை ஒன்றும் ஆகாது. ஓர் எலி கடித்தால் செல் கிழியும், இரண்டும் கலக்கும், ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது.

மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் அந்த எலியின் வேலையை முழுமையாகச் செய்துமுடிக்கிறார்கள். தோலைச் சீவிய கிழங்கைப் பூப்பூவாகத் துருவி, சாக்கில் கட்டி, மேலே பெரிய கற்களை ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுவார்கள். சாறு வடிகிறது, மாவு புளிக்கிறது, நொதி லினமரினைத் தேடித் தேடி உடைக்கிறது. பிறகு சலித்து, அகன்ற இரும்புச் சட்டியில் கைவிடாமல் கிளறி வறுப்பார்கள். ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை வெறும் 26 டிகிரி செல்சியஸ். வறுக்கிற சூட்டில் அது ஆவியாக ஓடிவிடும். மிஞ்சுவது காரி என்ற மொறுமொறுப்பான குருணை.

கிழங்கை முழுத் துண்டாகக் கொதிநீரில் போட்டால் இவ்வளவு நடக்காது. வேலையைத் தொடங்குமுன்பே நொதி சூட்டில் செயலிழந்துவிடும்; நீரில் கரைந்து இறங்கும் லினமரின் மட்டுமே வெளியேறும். கன்னியாகுமரி வீடுகளில் கப்பை என்கிற மரவள்ளியை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டுவது அதற்காகத்தான். லினமரின் குறைவாக உள்ள இனிப்பு வகைகளுக்கு அது போதும். கசப்பு வகைகளுக்குத் துருவலும் புளிப்பும் வேண்டும். நஞ்சைப் போக்க முதலில் நஞ்சை அவிழ்த்துவிட வேண்டும்! நொதி என்ற சொல் வேதியியலுக்குள் வருவதற்கு எவ்வளவோ முன்பே தென் அமெரிக்கப் பழங்குடியினர் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர்கள் அங்கிருந்துதான் மரவள்ளியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள்.

வறுக்கும்போதே ஸ்டார்ச்சின் ஒரு பகுதி வெந்துவிடுவதால் எபாவை அடுப்பில் வைத்துக் கிண்ட வேண்டியதில்லை. கொதித்த நீரை இறக்கி, காரியைத் தூவி, ஓரிரு நிமிடம் மூடிவைத்தால் குருணை நீரை உறிஞ்சிப் பருக்கும். மரத் துடுப்பால் பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தித் திருப்பினால் கையில் ஒட்டாத உருண்டை தயார்.

இனி சூப். எகுசி ஒருவகைப் பூசணி இனத்துக் காய். பார்க்கத் தர்பூசணி மாதிரி இருக்கும், சதை வாயில் வைக்க முடியாத கசப்பு. விதைக்காகவே வளர்க்கிறார்கள். அதன் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், கால் பங்குக்கு மேல் புரதம். சிவப்புப் பனையெண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், அரைத்த மிளகாய், இரு என்ற புளித்த மரப்பயறு. பயற்றைப் பல மணி நேரம் அவித்து, தோல் நீக்கி, பாசில்லஸ் கிருமிகள் புளிக்கவைக்க விட்டுவிடுவார்கள். நெடி முகத்தில் அடிக்கும். குழம்பில் விழுந்ததும் அதுவே ருசி. அடுத்து, அரைத்த எகுசி விழுதைச் சிறு சிறு கட்டிகளாக இட்டு மூடிவிடுகிறார்கள். இந்த இடத்தில் கரண்டி போடக் கூடாது. அசையாத சூட்டில் புரதம் உறைந்து கட்டிகள் இறுகும். அதற்குப் பிறகு கிளறினால்தான் திரள் திரளாக நிற்கும். முன்பே கிளறினால் கரைந்து கஞ்சியாகிவிடும். எண்ணெய் பிரிந்து மேலே வந்ததும் கருவாடு, இறைச்சி, உலர்ந்த இறால், கசக்கிக் கசக்கிக் கசப்பு இறக்கிய கீரை.

இந்தச் சேர்க்கைக்கு ருசியைத் தாண்டியும் ஒரு பயன் உண்டு. சரியாகச் செய்த காரியிலும் துளியளவு சயனைடு தங்கலாம். அதை நம் உடல் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அதற்குக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. மரவள்ளியில் புரதமே சுமார் 1 சதவீதம். விதையும் மீனும் இறைச்சியும் கொடுக்கும் புரதத்தில்தான் உடலுக்கு அந்தக் கந்தகம் கிடைக்கிறது. எபா முடிக்காமல் விட்ட வேலையைச் சூப் முடித்துவைக்கிறது.

சூப் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. தாக்குப்பிடித்த கசப்பு மரவள்ளிதான் உணவு. பசியில் அதைப் பதப்படுத்தும் நாட்களையும் சுருக்கினார்கள். தொட்டுக்கொள்ளப் புரதம் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், இரு கால்களும் திடீரென விறைத்துப்போயின. கொன்சோ என்ற அந்த முடக்கம் வந்தால் திரும்பாது.

ஆஸ்திரேலிய வேதியியலாளர் ஹோவர்ட் பிராட்பரி இதற்கு ஓர் எளிய வழி சொன்னார். மரவள்ளி மாவை நீரில் பிசைந்து, பாயில் மெல்லியதாகப் பரப்பி, வெயிலில் இரண்டு மணி நேரம் அல்லது நிழலில் ஐந்து மணி நேரம் விட வேண்டும். காய்ந்த மாவில் மிஞ்சியிருந்த லினமரேஸ் ஈரம் பட்டதும் மீண்டும் வேலை செய்யும்; வாயு காற்றோடு போய்விடும். காங்கோவில் கொன்சோ பரவிய கிராமங்களில் பெண்கள் இந்த முறையைக் கற்றுக்கொண்டார்கள். அதைக் கைக்கொண்ட ஊர்களில் புதிதாகக் கொன்சோ வருவது நின்றது.